கிரகம் இல்லாத நீலம்

முறுக்கைக் கடித்தபோது பல் கையோடு வந்துவிட்டது. பல் என்று சொல்வது பழக்கதோஷம். அது கேப், உடைந்த முன்பல்லின் வேர்மேல் ஒட்டிக்கொண்டு, இருபது வருடத்துக்கும் மேலாக என் வாயில் பல்லாக நடித்துக்கொண்டிருந்த பொருள். மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பத்திரப் பதிவு அலுவலக நகல் பிரிவில், மத்தியானச் சாப்பாடு முடிந்து, யாருடைய பேரக்குழந்தைக்கோ காது குத்திய முறுக்கு மேசை மேசையாக வந்துகொண்டிருந்த நேரம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பூசணி விதை இதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வெளியே மங்கிய வெள்ளை, உள்ளே கருத்த உலோகம். இவ்வளவுதானா நீ என்று கேட்கத் தோன்றியது.

அதற்குள் இடது கை வாயை மூடியிருந்தது. அந்தக் கைக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு வருவதற்கு முன்பே கை வந்துவிடும். கொட்டாவிக்கு, தும்மலுக்கு, புகைப்படத்துக்கு, அலுவலகத்தில் யாராவது புதிதாக வந்து வணக்கம் சொன்னால் அதற்கு. அந்தக் கேப்பின் மேல் ஓரத்தில், ஈறைத் தொடும் இடத்தில், பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரியும். கோடு தெரிய ஆரம்பித்தது பின்னால்தான். கை அதற்கும் வெகு முன்பே வந்துவிட்டது.

அண்ணன் மகள், எனக்கு மருமகள், பல் டாக்டர். திருப்பாதிரிப்புலியூரில், ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் கிளினிக் வைத்திருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் என் வாடகை வீட்டில் என்னோடு தங்குவாள். சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்துக்கு, அவள் அப்பா அம்மாவிடம் போய்விடுவாள். கையில் கேப்போடு நான் படியேறிப் போனபோது நோயாளி யாரும் இல்லை. நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, வாய்க்குள் பார்த்தாள். வேர் நன்றாக இருக்கிறது என்றாள்.

"புதுசா ஜிர்கோனியா பீங்கான்ல போட்டுடலாம் அத்தே. பக்கத்துப் பல்லு கலருக்கே மேட்ச் பண்ணிடுவேன். கேப்புன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியணும்," என்றேன்.

வாயில் பஞ்சு இருந்ததால் அவள் சரியாகக் கேட்டாளா என்று தெரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னேன். போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் அவளிடம் வந்து, கோரைப்பல்லில் ஒரு பளபளப்புக் கல்லை ஒட்டிக்கொண்டு போயிருந்தாள். அந்தப் படத்தை எனக்குச் செல்போனில் காட்டியவள் இவள்தான். எனக்கும் அதேபோல் கல் வேண்டும். ஆனால் ஒட்டுகிற கல் வேண்டாம். ஒட்டினது ஒருநாள் உதிரும். எப்படியும் பல்லைப் புதிதாகத்தானே செய்யப் போகிறாய், அதில் ஒரு குழி எடுத்து, கல்லைப் பதித்துக் கொடு.

முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. "யாரு கல்யாணத்துக்கு அத்தே?" என்றாள். கிண்டல்தான். நாற்பத்தெட்டு வயதுக்காரி கேட்டால் கிண்டல் வரும். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் விளக்கைத் தள்ளிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கதை தெரியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விதம்தான் தப்பு.

இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். சிதம்பரம் கீழ வீதியில், கோயிலுக்கு வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் இரண்டு குடும்பமும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வேலைத் தேர்வுக்குப் படிக்க நான் தங்கியிருந்த கடலூருக்கு அண்ணன் வந்து, என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அவர் சன்னலோரம், நான் பக்கத்தில், எங்களுக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பி. புதுச்சத்திரம் தாண்டும்போது கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். கம்பி என் வாய்க்கு வந்தது. அல்லது என் வாய் கம்பிக்குப் போனது. மாம்பழ நிறப் பட்டில் ரத்தம். கீழ வீதியில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் முகம் எனக்கு நினைவில்லை, ஏனென்றால் நான் நிமிரவே இல்லை. சாயங்காலம் சொல்லியனுப்பினார்கள். பெண் ஜாதகத்தில் செவ்வாய் இருப்பது தெரிந்துதான் வந்தோம், பரிகாரம் பண்ணிக்கொள்ளலாம் என்றும் இருந்தோம், ஆனால் பார்க்க வருகிற வழியிலேயே ரத்தம் காட்டிவிட்டதே என்று.

அன்றைக்கு டிரைவரும் தப்பித்தார், கரும்பு டிராக்டரும் தப்பித்தது. என் பல்லை உடைத்தது செவ்வாய் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று இடங்களும் அந்தச் சேதி கேட்டே நின்றன. அப்புறம் வருவதும் நின்றது. அண்ணன் ஒரு பவள மோதிரம் வாங்கிப் போட்டுவிட்டார், செவ்வாயை அடக்க. சில வருடம் போட்டிருந்தேன். கழற்றி அவர் பீரோவிலேயே வைத்துவிட்டேன். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். குறை என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாயில் ஒரு பல் மட்டும் வேறு ஒருவர் பெயருக்குப் பட்டா ஆகிக் கிடந்தது. நகல் பிரிவில் நாளெல்லாம் பத்திரம் பார்க்கிறவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா. பட்டாவை மாற்ற வேண்டும். அதற்குத்தான் கல். மறைப்பதற்கு ஒரு பல் செய்து இருபது வருடம் பார்த்தாயிற்று. இனி காட்டுவதற்கு ஒன்று செய்து பார்க்கலாம்.

இதையெல்லாம் அவளிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதி சொன்னேன். அவள் மீதியைப் புரிந்துகொண்டு, "கலர் பாப்போம் மொதல்ல," என்றாள்.

கலர் பார்த்த விதம் இது. திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் ஆரி வேலைக்குக் கல்லும் ஜரிகையும் விற்கிற ஃபேன்ஸி ஸ்டோரில், ஜாக்கெட்டில் ஒட்டுகிற பொடிக் கண்ணாடிக் கற்களை ஆறேழு நிறத்தில் வாங்கி வந்தேன். அவள் எனக்குத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல் மாட்டியிருந்தாள். அதன்மேல் கடுகளவு மெழுகு வைத்து, ஒவ்வொரு கல்லாக ஒட்டி, என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, நான்கடி தள்ளிப் போய் நின்று பார்த்தாள்.

பச்சை வைத்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். "கீரை அத்தே. ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம பல்லக் காட்டி சைகை காட்டுவாங்க." சிவப்பு ஈறில் ரத்தம் கசிவதாகத் தெரிந்தது, எனக்கு உடனே எடுத்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது, அந்தக் கைக்குட்டை ஞாபகம். மஞ்சள், பல் விளக்காத காலை. கறுப்பு, பூச்சிப்பல். வெள்ளை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தள்ளி நின்றால் எச்சில் குமிழி. நீலத்தை வைத்ததும் அவள் ஓரடி முன்னால் வந்தாள். கண்ணாடியில் நான் பார்த்தேன். நாம் சாப்பிடுகிற எதிலும் நீலம் இல்லை, நாவல்பழம்கூட ஊதாதான். வாய்க்குள்ளிருந்து வருகிற எதிலும் நீலம் இல்லை. நோய்க்கும் அழுக்குக்கும் அந்த நிறம் கிடையாது. பல்லில் நீலம் இருந்தால் அது ஒருத்தி வேண்டுமென்றே வைத்துக்கொண்டது, வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"இதான்," என்றேன்.

"அப்பா ஒத்துக்கமாட்டாரு," என்றாள். அவள் சொன்னது கல்லைப் பற்றி இல்லை, நிறத்தைப் பற்றி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். அண்ணன் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். பல்லில் கல் வைப்பதற்குக்கூட அவர் அவ்வளவு அதிரவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது, வை என்றார். ஆனால் நீலமா. நீலம் சனியோடது. ஒத்துக்கொண்டால் கோபுரத்தில் வைக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆளையே தூக்கிவிடும். ஏற்கனவே செவ்வாய் ஒரு பக்கம், இதில் சனியைக் கூப்பிட்டு வாயில் உட்கார வைப்பார்களா யாராவது. பேசிக்கொண்டே உள்ளே போய், பீரோவைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். என் பழைய மோதிரம்.

"கல்லுதான வேணும் பாப்பா? இந்தப் பவளத்த எடுத்து ஒடச்சி சின்னதா வச்சிக்க. உன் ராசிக்கும் ஆச்சி, ஆசைக்கும் ஆச்சி."

என்னை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரலில் தங்கைக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்கிற நடுக்கம் இருந்தது. அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டம். பயம் எல்லாம் பாசமாகவே வரும்.

பதில் சொல்லத் தயாராவதற்குள் மருமகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாதி எலுமிச்சம்பழத்தோடும் ஒரு வெள்ளைச் சாசரோடும் வந்தாள். மோதிரத்தைச் சாசரில் வைத்துப் பழத்தைப் பிழிந்தாள். பவளத்தைச் சுற்றிப் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. காது கொடுத்தால் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

"என்னாடி பண்ற? அது சாமி கல்லு."

"பாத்துக்குங்கப்பா. பவளம், முத்து ரெண்டும் சுண்ணாம்பு மாதிரி. புளிப்பு ஆவாது. அத்தே தெனம் ரசம் சாப்புட்ற ஆளு. வாய்க்குள்ள வச்சா கொஞ்ச நாள்ல சொரசொரன்னு ஆயி, கரஞ்சி பூடும்."

அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். செவ்வாயை அடக்கி வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட கல், அரை மூடி எலுமிச்சைக்கு நுரை தள்ளிக்கொண்டிருந்தது. வெற்றி என்று தோன்றவில்லை. அவர் அதை வாங்க எத்தனை கடை ஏறியிருப்பார் என்று தெரியும் எனக்கு. மோதிரத்தை எடுத்து, தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். பளபளப்பு போய்விட்டிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி, நீலம்தான் என்றால் நல்ல இடத்தில் வாங்குவோம், எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது, கெட்ட நீலம் வாங்கிவிடக்கூடாது என்றார். அது சம்மதம் இல்லை. ஆனால் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ராசிக்கல் கடை சன்னதிக்குப் போகிற வழியில், பூக்கடைக்கும் பித்தளைக் கடைக்கும் நடுவில் இருந்தது. முதலாளி அண்ணனோடு சின்ன வயதில் ஒன்றாகப் படித்தவர். மச்சான் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். கறுப்பு வெல்வெட் துணியை விரித்தார். "எந்த கிரகத்துக்கும்மா?" என்று என்னைக் கேட்டார்.

கல் கடையில் முதல் கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த நிறம், எந்த அளவு, எதற்கு என்று எல்லாக் கேள்விக்கும் தயாராகப் போயிருந்தேன். அண்ணன் முந்திக்கொண்டு, நீலம் பார்க்கணும் மச்சான், ரொம்பச் சின்னதாக, என்றார். முதலாளி காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, இடுக்கியால் நான்கு கற்களை எடுத்து வைத்தார். லென்ஸை என்னிடம் நீட்டினார். உள்ளே பார்த்தேன்: மழை வரப்போகிற பிச்சாவரத்து வாய்க்கால், அதற்குள் பட்டு நூல் நூலாக ஏதோ மிதந்தது. அழகாக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மோதிரமா, டாலரா என்று கேட்டார். கல் தோலில் படுகிற மாதிரி அடியைத் திறந்து கட்ட வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டு, தற்காலிகப் பல்லைக் காட்டி, இங்கே என்றேன்.

முதலாளி இடுக்கியைக் கீழே வைத்தார். கோபம் இல்லை அவர் முகத்தில். கூச்சம் இருந்தது, நான் ஏதோ அவர் முன்னால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதுபோல். கற்களை ஒவ்வொன்றாகப் பொட்டலத்துக்குள் திரும்பப் போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. எச்சில் படற எடத்துக்கு நான் நவரத்தினம் தர்றதில்ல. ஸ்படிகத்துக்கும் மாணிக்கத்துக்கும் அபிஷேகம் நடக்கிற ஊரும்மா இது. கல்லுன்னா எங்களுக்கு அப்படி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒருவர் கடித்ததை இன்னொருவர் தொடமாட்டார்கள். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்போம். தேவாரமும் அதே வாயில்தானே வருகிறது என்று ஒரு வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவரை மடக்கி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. எனக்குக் கல் வேண்டும். அவர் தராவிட்டால் இன்னொரு கடை, அதுவும் இல்லாவிட்டால் பாண்டிச்சேரி. ஆனால் எங்கே போனாலும் அந்த முதல் கேள்வி காத்திருக்கும் என்று அப்போது உறைத்தது. நான் வாங்க வந்தது நீலம். இவர்கள் விற்பது சனி. செவ்வாயைக் கழற்றிவிட்டுச் சனியை மாட்டிக்கொள்ளவா இவ்வளவு தூரம் வந்தேன்?

"கிரகம் எதுவும் இல்லாத கல்லு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அண்ணன் தலையில் கை வைத்தார். அப்படி ஒன்று உண்டா என்று முதலாளி நிஜமாகவே யோசித்தார். வியாபாரிகளுக்கே உரிய மரியாதை அது. ஒரு ஊதாக் கல்லை எடுத்தார். செவ்வந்திக்கல். இதுவும் ஆகாது, நீலத்துக்கு மாற்றாகப் போடுவார்கள், சனி கணக்குத்தான். ஒரு வெளிர் பச்சை, அது புதனுக்கு. நிலா நிறத்தில் ஒன்று, சந்திரனுக்கு. கடையில் ஒரு கல்கூட வேலை இல்லாமல் சும்மா இருக்கவில்லை. கடைசியில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார், வெறுப்போடு, காலில் மாட்டிய செருப்பைக் காட்டுவதுபோல்.

"இது ஒண்ணுதான் இருக்குது. மெஷின் கல்லு. பொடிய நெருப்புல உருக்கி, சொட்டு சொட்டா வளக்கறாங்க. நீலந்தான், கெட்டியும் அதே கெட்டிதான். ஆனா பூமில பொறந்ததில்ல. இதுக்கு ஒரு கிரகமும் ஒட்டாது. போட்டாலும் பலன் கெடையாது. ஃபேன்ஸி நகைக்காரங்க வாங்குவாங்க."

லென்ஸில் பார்த்தேன். நூல் இல்லை, தூசு இல்லை, மழை இல்லை. சும்மா நீலம். அவர் பக்கத்திலிருந்து சொன்னார், நல்ல கல் என்றால் உள்ளே ஒரு சின்னக் குற்றமாவது இருக்கும், குற்றமே இல்லாமல் இருந்தால் அது பொய்க்கல், அப்படித்தான் கண்டுபிடிப்போம் என்று. அவர் அதைக் குறைத்துச் சொல்லச் சொல்ல எனக்கு அதன்மேல் ஆசை வளர்ந்துகொண்டே போனது. எந்த நட்சத்திரத்திலும் பிறக்காதது. எந்தக் கட்டத்திலும் உட்காராதது. யாரையும் தூக்காது, யாரையும் கவிழ்க்காது. பலன் கிடையாது என்றால் பழியும் கிடையாது.

"இதுக்கு எச்சில் பட்டா பரவால்லிங்களா?"

"இதுல என்னாம்மா இருக்குது, பாசிமணி மாதிரிதான்," என்றார். அந்தப் பொய்க்கல்லை எனக்கு விற்பதில் அவருக்கு இப்போது பெரிய நிம்மதி. எனக்கும். இரண்டு மில்லிமீட்டரில், அடி தட்டையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றைப் பார்த்ததும் எடுத்துவிடவில்லை. டப்பாவில் இருந்த அத்தனையையும் வெல்வெட்டில் கொட்டச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கறுப்பாக இருட்டுவதை ஒதுக்கி, வெளுப்பை ஒதுக்கி, பல்லின் வெள்ளைக்குப் பக்கத்தில் பகலிலும் நீலமாகவே நிற்கிற ஒன்றை எடுத்தேன். பூக்கடைக்காரம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலம் வாங்குகிற எல்லோரும் செய்வதுதான். மூன்று நாளில் கெட்டது ஏதாவது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இது மெஷின் கல், உங்கள் சிநேகிதரே சொன்னார் என்றேன். கலர் அதே கலர்தானே பாப்பா, எனக்காக, என்றார். எனக்காக என்ற பிறகு என்ன செய்வது.

வைத்தேன். திங்கட்கிழமை காலையில் வண்டி பஞ்சர். ஆறரை மணிக்கு அண்ணன் போன் வந்தபோது ஒன்றும் இல்லை என்றேன், அப்போது பஞ்சரானது தெரியாது. எட்டு மணிக்குத்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பால் திரிந்தது. அடுப்புக்கு முன்னால் நின்று, பாத்திரத்தில் திரிதிரியாகப் பிரிவதைப் பார்த்தேன். சொன்னால் வெட்கம்தான். இத்தனை பேசினவள், எலுமிச்சையில் பவளம் நுரைத்ததைக் கண்ணால் பார்த்தவள், ஒரு நிமிடம் தலையணையைத் திரும்பிப் பார்த்தேன். பயம் எனக்குள் யாரோ கொண்டுவந்து வைத்ததாக இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அது உள்ளேயே குடியிருந்தது, தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றது.

அடுப்பை அணைத்தேன். பாக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். நேற்றைய பால், ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்க மறந்து மேடையில் கிடந்தது. கீழே இறங்கிப் போய், தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் நேற்று டியூபிலிருந்து எடுத்தது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் டப்பாவில் துழாவி ஓர் ஆணியைக் கொடுத்தார். இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்கிற பார்வையோடு. ஆணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். பாலுக்குப் பாலின் பங்கு. வண்டிக்கு ஆணியின் பங்கு. மிச்சம் எதுவும் இல்லை, கல்லின் பெயரில் எழுத.

புதன்கிழமை காலையில் அண்ணன் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து ஜெயிக்க எனக்கு இஷ்டம் இல்லை. வண்டி பஞ்சராச்சு. பால் திரிஞ்சுது.

"ஆணியா?" என்றார்.

"ஆணிதான். எதிர்ல வச்சிருக்கேன்."

"பழைய ஆணியா, புதுசா?"

துருப்பிடிச்சது என்றேன். ம் என்றார். கல்லைத் திருப்பிக் கொடு என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மருமகள் எடுத்துக் கொடுத்த வாயின் அளவையும் கல்லையும் சிதம்பரத்தில் பல் செய்கிறவரிடம் நானே கொண்டுபோனேன். கல் கையில் இருந்தால்தான் குழி எடுக்க முடியும் என்று சொல்லியிருந்தார். பல்லைச் சூளையில் சுடும்போது அது சுருங்கும். குழியும் கூடவே சுருங்கும். சுருங்கின பிறகு கல் சரியாக உட்கார வேண்டும். உதட்டில் உரசாத மாதிரி மேல்மட்டம் பல்லோடு ஒன்றாக இருக்க வேண்டும், கடிக்கிற நுனியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று மருமகள் ஒரு தாளில் படம் வரைந்து அனுப்பியிருந்தாள். அவர் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இவ்வளவு நாளில் யாரும் இப்படிக் கேட்டது இல்லை, எல்லோரும் தெரியக்கூடாது என்றுதான் கேட்பார்கள் என்றார். முதலில் செய்ததில் கல் கொஞ்சம் ஆடியது. அவரே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தார். அதற்கு ஒரு வாரம். காத்திருந்தேன்.

பல் மாட்டுகிற அன்றைக்கு அண்ணனும் கடலூருக்கு வந்துவிட்டார். செருப்புக் கடை மாடியில், விளக்குக்குக் கீழே நான் வாயைத் திறந்து கிடக்க, அவர் சுவரோரம் பெஞ்சில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் சிமென்ட் வைத்து, பல்லை ஏற்றி, விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். கடிக்கச் சொன்னாள், திறக்கச் சொன்னாள், ஓரத்தைத் துடைத்தாள். நாற்காலியை நிமிர்த்தி, "அப்பாவுக்கு காட்டு அத்தே," என்றாள்.

இடது கை கிளம்பியது. பாதி வழியில் அதை மடியில் இறக்கினேன். எடை தூக்கி இறக்குவது மாதிரிதான் இருந்தது. அண்ணனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன்.

அவர் எழுந்து கிட்டே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, கல்லை மட்டும் பார்த்தார். பிறகு பல்லைப் பார்த்தார்.

"அன்னிக்கி அந்த டிராக்டர்காரன் கை காட்டவே இல்ல பாப்பா. நான் ஜன்னல் ஓரத்துலதான இருந்தேன். திரும்பறத பாத்துட்டேன். சத்தம் போடறதுக்குள்ள..."

அதோடு நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் அந்த டிராக்டரைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர். செவ்வாய் என்று சொன்னால் அவர் சத்தம் போடாதது குற்றமாகாது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்தப் பட்டாவில் அவர் கையெழுத்தும் இருந்தது என்று. அவர் கையைப் பிடித்தேன். டிராக்டர்தாண்ணே, என்றேன்.

மறு வாரம் சிதம்பரம் போக பஸ் ஏறினேன். முன்பக்கமாக, கம்பிக்குப் பின்னால் இருந்த சீட்டில் வேண்டுமென்றே உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, காலுக்கடியில் காலி மீன் கூடை. கண்டக்டர் சில்லறை விஷயமாக எதிர்வரிசை ஆளிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த அம்மா என் வாயையே பார்த்தார்.

"என்னா கல்லும்மா அது?"

"நீலம்."

"சனிக்கா?"

"இல்லைங்க. எனக்கு."

அவர் கூடையைக் காலால் நகர்த்திவிட்டு, நல்லாத்தான் இருக்குது, ஆனா மீன் முள்ளு மாட்டாதா என்று கேட்டார். மாட்டாது, மட்டமாகப் பதித்திருக்கிறது என்று நாக்கால் தடவிக் காட்டினேன். புதுச்சத்திரம் வந்தது, போனது. இடது கை முன்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தது.